விலைக்கு முந்தைய கேள்வி

நகராட்சிப் பணிகளைப் பற்றி எங்கே பேச்சு தொடங்கினாலும் அது டெண்டரில் போய் நிற்கிறது. வேலை யாருக்குப் போனது, எத்தனை சதவீதம் கைமாறியது, யாருடைய மைத்துனர் பெயரில் லைசென்ஸ் இருக்கிறது, மூன்று பேர் கூடிப் பேசி விலையை முடிவுசெய்தார்களா என்பதெல்லாம் டீக்கடையிலும் நாளிதழிலும் அலசப்படுகின்றன. அலசப்பட வேண்டியவைதான். ஆனால் சென்னைப் புறநகரில் இருபது, முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எவரும் தம் தெருவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், இந்தப் பேச்சுக்குள் அடங்காத ஒன்று தெரியும். முறைப்படி டெண்டர் விட்டு, குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்து, அவரும் கலவையில் குறைவைக்காமல் முடித்த வேலைகூட ஊருக்குக் கேடாகியிருக்கிறது. ஒழுங்காகப் போட்ட சாலை மழைநீரை வீடுகளுக்குள் தள்ளியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய கால்வாய் எங்கும் போய்ச் சேராமல் தேங்கி நிற்கிறது. இங்கெல்லாம் தவறு, விலை கேட்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. என்ன வேலை, எங்கே, எந்த மட்டத்தில், எதற்குப் பிறகு எது என்று தீர்மானிக்கும் அந்த முந்தைய கட்டத்தைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம்.

தாம்பரத்தை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். 1964இல் நகராட்சியான ஊர் அது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாக்கினார்கள். 70 வார்டுகள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதற்கு முன், 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகரங்கள் எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் புறநகரின் வடிகாலையும் ஏரிகளையும் பற்றி நிதானமாக யோசித்திருக்க வேண்டிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகளிலும் டெண்டர்கள் வந்தன, வேலைகள் நடந்தன, பில்கள் பாஸாயின. வார்டு மக்களுக்காகக் கேள்வி கேட்க மன்றத்தில் ஆள் மட்டும் இல்லை.

டெண்டருக்கென்று நம்மிடம் நல்ல சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. விதிகள் 2000இல் வந்தன. இப்படியொரு சட்டத்தை முன்கூட்டியே இயற்றிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டெண்டரைக் கோரும் அதிகாரி யார், ஏற்கும் அதிகாரி யார் என்று அது வரையறுக்கிறது. அறிவிப்பு டெண்டர் புல்லட்டினில் வெளிவர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால் அவரிடம் மட்டுமே பேசலாம். பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இப்போது டெண்டர்கள் இணையவழிக்கு வந்துவிட்டதால், பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் போட்டியாளரை விரட்டும் பழைய வழக்கத்துக்கு இடம் குறைந்திருக்கிறது. கூட்டுச் சேர்ந்து விலை வைப்பதும், ஒரே ஒருவருக்குப் பொருந்தும்படி தகுதி நிபந்தனை எழுதுவதும் போய்விட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தவறு நடந்தால் சுட்டிக்காட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, முறையிட ஓர் இடம் இருக்கிறது. அது சின்ன விஷயமல்ல.

அந்தச் சட்டத்தின் வெளிச்சம் விழுவது அறிவிப்பிலிருந்து ஒப்பந்தம் வரைக்கும்தான். அறிவிப்புக்கு முன்னாலும் ஒப்பந்தத்துக்குப் பின்னாலும் இருட்டு அப்படியே இருக்கிறது.

முன்னால் நடப்பது என்ன? பெரும்பாலும் முதலில் வருவது பணம். தேவை அதற்குப் பிறகுதான் தேடப்படுகிறது. மத்திய அரசின் அம்ருத், நிதிக்குழு மானியம், மாநில அரசின் நகர்ப்புறச் சாலைத் திட்டங்கள் என்று ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. சாலைக்கு வந்த பணத்தில் சாலைதான் போட முடியும். அந்தத் தெருவுக்கு முதலில் தேவைப்படுவது வடிகால் என்றாலும் தலைப்பு மாறாது. மார்ச் 31 நெருங்க நெருங்க, சீக்கிரம் முடியக்கூடிய வேலைகளே பட்டியலில் மேலே வருகின்றன. உதவிப் பொறியாளர் டேப்போடு தெருவுக்குப் போகிறார். நீளம், அகலம், கனம் எடுக்கிறார். பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்துப் பெருக்குகிறார். எஸ்டிமேட் தயாராகிறது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பிறகு டெண்டர். ஒரு தெருவின் அடுத்த பதினைந்து ஆண்டுகளைத் தீர்மானிக்கும் காகிதம் இந்த எஸ்டிமேட்தான். அதைத் தெருவாசிகள் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை.

தெருவின் மட்டத்தை எடுத்துக்கொள்வோம். குரோம்பேட்டையிலோ கிழக்குத் தாம்பரத்திலோ எண்பதுகளில் கட்டிய ஒரு வீட்டின் வாசலில் நின்று பாருங்கள். கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போயிருப்பார்கள். சாலை ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே போடப்பட்டதில் ஒவ்வொரு படியாகப் புதைந்தது. இப்போது இரும்புக் கேட்டின் அடிப்பகுதியை ஓரடி அறுத்திருக்கிறார்கள். கேட்டுக்கும் உள்வாசலுக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் வரப்பு. மழைக்காலத்தில் அதன் மேல் மணல் மூட்டை. தரைத் தொட்டியின் மூடியைச் சுற்றிக் கழுத்து உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், சாக்கடை நீர் குடிநீரில் கலக்காமல் இருக்க. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். இயலாதவர்கள் கீழ்த்தளத்தை விட்டு மாடிக்குப் போகிறார்கள். கீழ்த்தளமே வீடாக உள்ளவர்கள் நவம்பர், டிசம்பரில் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கிறார்கள்.

இதைச் செய்தது எந்த ஒரு காண்ட்ராக்டரின் திருட்டுத்தனமும் அல்ல. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது எஸ்டிமேட்டில் ஒரு தனி வரி. அந்த வரி இருந்தால் அதற்கு விலை வரும், வேலையும் நடக்கும். இல்லையென்றால் எந்தக் காண்ட்ராக்டரும் சுரண்ட மாட்டார். சுரண்டினாலும் அவருக்குப் பணம் வராது. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடக் கூடாது, வீடுகள் தாழ்ந்துபோகின்றன என்று துறைகளுக்கு எழுதினார். மாநிலத்தின் தலைமை அதிகாரியே எழுதித்தான் அந்த ஒரு வரி எஸ்டிமேட்டுகளுக்குள் வர வேண்டியிருந்தது என்பதை யோசிக்க வேண்டும். அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ தெருக்களில், எத்தனையோ பெண்கள் வாசல் தெளிக்கும்போதே கண்ட உண்மை அது. அவர்கள் கண்டதை எஸ்டிமேட்டில் ஏற்ற ஒரு வழி நம்மிடம் இல்லாமல் போயிற்று.

கால்வாயின் கதை இன்னும் பெரிது. புறநகர்த் தெரு ஒன்றில் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மேற்பார்வைக்கு வந்த இளம் பொறியாளரிடம் கேட்டார்: “தம்பி, இந்தத் தண்ணி எங்க போய்ச் சேருது?” அந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “இந்த எஸ்டிமேட்ல தெருமுனை வரைக்கும்தாங்க ஐயா. அதுக்கு அப்புறம் மெயின் ரோடு, அது ஹைவேஸ்.” பெரியவர் விடவில்லை. “ஹைவேஸ் கால்வாய் இதைவிட மேல இருக்கே தம்பி?” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது எங்க லிமிட்ல வராதுங்க” என்றார். இருவருமே உண்மையைத்தான் பேசினார்கள். கால்வாய் நன்றாகவே கட்டி முடிக்கப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் முனையில் நிரம்பித் தெருவுக்கே திரும்பி வருகிறது.

தாம்பரம் பக்கம் நிலத்தின் அமைப்பே ஒரு சங்கிலி. சேலையூர் ஏரி நிரம்பினால் ராஜகீழ்ப்பாக்கம், அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சிட்லப்பாக்கம் ஏரியின் உபரியும் செம்பாக்கத்துக்கே வருகிறது. ஒரே நீர் இது. ஆனால் அதிகாரம் துண்டு துண்டாகக் கிடந்தது. சேலையூர் ஒரு நகராட்சியில், செம்பாக்கம் வேறொன்றில், நன்மங்கலம் கிராம ஊராட்சி, கீழ்க்கட்டளை பல்லாவரத்தில், பள்ளிக்கரணை 2011 முதல் சென்னை மாநகராட்சியில். ஏரி நீர்வளத் துறையிடம், பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், தெரு உள்ளாட்சியிடம், சதுப்புநிலம் வனத்துறையிடம். ஒவ்வொருவரும் தம் எல்லைக்குள் ஓர் எஸ்டிமேட் போட்டார்கள். சங்கிலி முழுவதற்குமான மட்டக் கணக்கு யாருடைய மேசையிலும் இல்லை. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. அத்தனை பெரிய மழையை எந்த வடிகாலும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் சாதாரண நவம்பர் மழைக்கே அடுத்தடுத்த ஆண்டுகளில் தண்ணீர் தேங்கிய இடங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

சிட்லப்பாக்கம் ஏரி எனக்கு இதில் மிக முக்கியமான உதாரணமாகப் படுகிறது. 2019இன் கடும் வறட்சியில் அங்குள்ள மக்கள் தாங்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அதே ஆண்டில் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. மக்களின் கை முதலில் இயங்கியது, அரசின் பணம் பின்னால் வந்தது, நல்ல வரிசை. ஆனால் ஏரியை ஆழப்படுத்திக் கரை கட்டும் வேலை ஒரு துறையுடையது, அதில் வந்து விழும் கழிவுநீரைத் திருப்பும் வேலை இன்னொன்றுடையது. இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்காத வரை, கரைக்கு எவ்வளவு நேர்மையான டெண்டர் விட்டாலும் நீர் தூய்மையாகாது.

எதற்குப் பிறகு எது என்பதும் ஒரு முடிவுதான், பல சமயங்களில் அதுவே பெரிய முடிவு. தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கட்டடத்தில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. ஆனால் அன்று அதற்கென்று ரயில் நிலையம் இல்லை. தண்டவாளம் கண்ணெதிரே ஓட, மூட்டையும் குழந்தையுமாக இறங்கியவர்கள் ஊருக்குள் வர மறுபடி பேருந்தோ ஆட்டோவோ தேட வேண்டியிருந்தது. இந்த முனையத்தைத் திட்டமிட்டுக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். நகரத் திட்டமிடல் உள்ளாட்சியின் பணிகளில் முதலாவதாக அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. 1993இலிருந்து அது அங்கே இருக்கிறது. ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலப் பயன்பாட்டை நிர்ணயிப்பது, 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம். அதைத் தயாரித்தது குழுமம். எந்த வயல் குடியிருப்பாகலாம், எந்தச் சாலை அகலமாகும் என்பது மேலே தீர்மானமாகிவிடுகிறது. அதன் விளைவாக வரும் சாக்கடையும் குப்பையும் மட்டும் கீழே, வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கின்றன.

எஸ்டிமேட்டில் சேராதவர்களும் இருக்கிறார்கள். 2025இல் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் வீடுகள், ஆற்றுச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டன. மாற்று வீடு தரப்பட்டது என்பது கோப்பில் இருக்கும். ஆற்றங்கரையிலிருந்து தொலைவில் போய் விழுந்த ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குப் போன வேலை, மாறிய பள்ளி, கூடிய பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு விலை விகிதப் பட்டியலில் வரி கிடையாது. கன மீட்டருக்கு இவ்வளவு என்று மண்ணுக்கு விலை போட முடிகிறது. அந்தக் குடும்பம் இழந்ததைக் கணக்கில் கொண்டுவராமலேயே ‘குறைந்த விலை’ என்று முடிவுசெய்துவிடுகிறோம்.

குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற விதியை நான் குறைகூறவில்லை. அதிகாரியின் தனிவிருப்பத்துக்குக் கடிவாளம் போடும் விதி அது. அதைத் தளர்த்தினால் நன்மையைவிடத் தீமையே அதிகம் நடக்கும். ஆனால் அது சரியான வேலையைக் கேட்டிருந்தால் மட்டுமே பயன்படும். நோயைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதிவிட்டு, அந்த மருந்து எந்தக் கடையில் மலிவு என்று நேர்மையாக விசாரிப்பதால் நோயாளி பிழைக்க மாட்டார்.

ஒப்பந்தத்துக்குப் பின்னாலுள்ள இருட்டுக்கு வருகிறேன். வேலை நடந்ததற்கான அத்தாட்சி எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் அளந்து எழுதுவதை மேலதிகாரி மறு அளவு எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாஸாகிறது. தெருவில் 30 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார் விழுந்ததா, 20தான் விழுந்ததா என்பது அந்தப் பக்கத்தில் ஒரு எண். இவ்வளவு கவனமாக வடிவமைத்த ஆவணத்தை, அந்தச் சாலையில் தினம் நடப்பவர்கள் ஒருமுறைகூடப் பார்க்காமல் ஆயுள் கழிகிறது. பார்க்க உரிமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணத்தின் நகல் கேட்கும் உரிமையோடு நிற்கவில்லை. நடக்கும் பணியை நேரில் ஆய்வுசெய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் அது இடம் தருகிறது. சாலையின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம் என்று சட்டமே சொல்லியிருக்கும்போது, நாம் முகப்புத்தகத்தில் குழியின் படத்தைப் போட்டுவிட்டு அமைதியடைகிறோம்.

தாம்பரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே ஒரு குழு இருந்ததை அவை சொல்கின்றன. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமானது. அதை நாம் முன்மாதிரியாகக் கொள்ள முடியாது, கொள்ளவும் கூடாது. ஆனால் ஏரியைப் பராமரிப்பதும் கணக்கை ஊர்முன் வைப்பதும் ஒரே வேலை என்ற தெளிவு அந்தக் கல்லில் இருக்கிறது. எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள நம் காலத்தில் அந்தத் தெளிவை இழந்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. வார்டு குழு, பகுதி சபா என்ற அமைப்புகள் தமிழ்நாட்டு நகரங்களில் சட்டப்படி வந்துவிட்டன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபாக்கள் தொடங்கியபோது முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டது இதே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில்தான். கிராம சபைக்கு நிகரான ஒன்று நகரவாசிக்குக் கிடைத்த நாள் அது. ஆனால் பெரும்பாலும் இந்தக் கூட்டங்கள் மனு வாங்கும் இடங்களாகவே நடக்கின்றன. தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, குப்பை வண்டி வரவில்லை. எல்லாமே உண்மையான குறைகள். ஆனால் ஊரின் பணத்தில் பெரும்பகுதி எதற்குப் போகிறதோ அந்தக் காகிதம் அங்கே மேசைக்கு வருவதில்லை.

பொறியாளர்கள் ஒரு மறுப்பு சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு. மக்களுக்கு மட்டக் கணக்கு தெரியாது, தம் தெருவுக்கு மேல் யோசிக்க மாட்டார்கள், கால்வாய் தன் கேட்டை ஒட்டிப் போகக் கூடாது என்று முதலில் தடுப்பவர்களும் அவர்களே, கால்வாயின் மேல் கார் ஏறும் சரிவைக் கட்டி அடைப்பவர்களும் அவர்களே என்பார்கள். சரிதான். ஒரு உதவிப் பொறியாளர் பல வார்டுகளைச் சுமந்துகொண்டு, ஆளும் கருவியும் போதாமல் உழல்வதும் நமக்குத் தெரியும். ஆனால் தண்ணீர் எந்த வீட்டில் முதலில் நுழைகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்பதில் அந்தத் தெருவாசியைவிட நம்பகமான சாட்சி எந்தக் கருவியும் அல்ல. பொறியாளரின் கணக்கும் தெருவாசியின் அனுபவமும் எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்பே சந்தித்தால் இருவருக்கும் வேலை பாதியாகக் குறையும். தன் தெருவை மட்டும் பார்ப்பவர், அடுத்த தெருவின் மட்டத்தையும் காட்டும் வரைபடத்தைச் சுவரில் பார்த்தால் வேறு மாதிரிப் பேசத் தொடங்குவார்.

ஆகவே என் கோரிக்கை குறுகியது. எந்தத் தெருவுக்கான எஸ்டிமேட்டும் அனுமதிக்குப் போவதற்கு முன், அந்தப் பகுதி சபாவில் தமிழில் படிக்கப்பட வேண்டும்: என்ன வேலை, ஏன் இப்போது, பழைய சாலை சுரண்டப்படுமா, புதிய மட்டம் வாசல்களைவிட எத்தனை அங்குலம் கீழே, கால்வாயின் தண்ணீர் எந்த ஏரிக்கு எந்த வழியாகப் போகிறது, வழியில் யாருடைய வீடு போகிறது. வேலை முடிந்ததும் எம்-புக்கின் அந்தப் பக்கங்கள் அதே சபாவில் வைக்கப்பட வேண்டும், கடைசி பில் அதற்குப் பிறகே பாஸாக வேண்டும். இதற்குப் புதிய துறையோ பெரிய நிதியோ தேவையில்லை. மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும், தொடங்கிவிடலாம். அடுத்த பகுதி சபாவுக்குப் போகிறவர்கள் மனுவோடு இதையும் கேளுங்கள்: எங்கள் வார்டில் இந்த ஆண்டு எந்தெந்த வேலைக்கு எஸ்டிமேட் தயாராகிறது? டெண்டர் அறிவிப்பு வந்த பிறகு கேட்டால், எவ்வளவு ரூபாய் என்ற பதில் மட்டுமே கிடைக்கும். இப்போது கேட்டால் வேலையையே மாற்ற முடியும்.